அர்பாப்பின் துப்பாக்கியும் நான் வைத்த பொட்டும்

1

நேற்று ஆயுத பூஜை. துபாய்க்கு அந்தப் பக்கம் இருக்கிற புஜைராவில் அது எங்களுக்கு லீவு நாள் கிடையாது. விடிவதற்கு முன்னால் குளித்துவிட்டு, பார்க்கிங்கில் நின்ற வண்டியைக் கழுவித் துடைத்து, ஸ்டியரிங், கியர், கண்ணாடி, டிக்கியில் கிடக்கிற ஜாக்கி, ஸ்பானர் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தேன். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து வண்டியை முன்னால் எடுத்தேன். நசுங்கின பழத்தை நானே பொறுக்கி ஒரு கவரில் போட்டுக்கொண்டேன். முனிசிபாலிட்டிக்காரர் பார்த்தால் ரோட்டில் குப்பை போட்டதாக ஃபைன் எழுதிவிடுவார். பூசணிக்காய் உடைக்கிற பேச்சுக்கே இங்கே இடமில்லை.

கடைசியாக டேஷ்போர்டைத் திறந்து அதன் உள்பக்கமும் ஒரு பொட்டு வைத்தேன். உள்ளே மல்கியா, அதாவது வண்டியின் பதிவு அட்டை இருந்தது. ஒரு டார்ச் லைட், ஒரு டிஷ்யூ டப்பா. வேறொன்றும் இல்லை. போன வருடம் இதே நாளில் அதற்குள் ஒரு கைத்துப்பாக்கி இருந்தது.

நம்ம ஊர்க் கோயில் மலருக்கு வெளிநாட்டு வாழ்க்கையைப் பற்றி எழுதி அனுப்பு என்று மலர்க் குழுவிலிருந்து மூன்று முறை போன் பண்ணிவிட்டார்கள். "ஒட்டகம், பேரீச்சம்பழம்னு எழுதாதடா, அதெல்லாம் போன வருசமே ஒருத்தன் எழுதிட்டான்" என்று சொன்னார்கள். நான் பத்தாவதோடு நின்றவன். கோர்வையாக எழுத வராது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். குற்றம் குறை இருந்தால் அம்மன் பேரால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

நான் வேலை பார்ப்பது மலையை உடைத்து ஜல்லி அரைக்கிற ஒரு கிரஷர் கம்பெனியில். ஆனால் கிரஷர் பக்கம் எனக்கு வேலை கிடையாது. ஏழெட்டு வருடம் கம்பெனி வேன் ஓட்டினேன், அப்புறம் கம்பெனி முதலாளிக்குச் சொந்த டிரைவர் ஆகிவிட்டேன். இங்கே முதலாளியை அர்பாப் என்று சொல்லுவோம். எங்கள் அர்பாப் ராணுவத்தில் இருந்து ரிட்டையர் ஆனவர். அறுபதைத் தாண்டியும் ஈட்டி மாதிரி நிமிர்ந்து நடப்பார். அதிகம் பேச மாட்டார். பேசினால் பாதி அரபி, பாதி இந்தி. என்னை 'மூத்து' என்பார். முத்து என்று வரவே வராது.

இந்த நாட்டில் டிரைவர் வேலைக்கு வந்தவன் குடும்பத்தோடு இருப்பது அபூர்வம். அர்பாப்தான் குவார்ட்டர்ஸ் கொடுத்து, குடும்ப விசாவுக்கும் கையெழுத்துப் போட்டார். அவர் கையெழுத்தால்தான் என் மனைவி அமுதாவும் மகள் தர்ஷினியும் என்னோடு ஒரே கூரையின் கீழ் இருக்கிறார்கள். ரூமில் பத்துப் பேரோடு படுத்து, சனிக்கிழமை போன் கார்டு வாங்கி, பத்து நிமிடத்தில் புருஷனாகவும் அப்பாவாகவும் இருந்து முடிக்கிற ஆட்களை எனக்குத் தெரியும். ஆகவே காலையில் சாமி கும்பிடும்போது முருகனுக்கு அடுத்தபடியாக அர்பாப்புக்கும் ஒரு நல்லது வேண்டிக்கொள்வேன்.

அர்பாப்பிடம் ஒரு கைத்துப்பாக்கி உண்டு. லைசென்ஸ் வாங்கினது. பழுப்பு நிறத் தோல் பையில் போட்டு, கந்தூராவுக்கு அடியில் இடுப்பில் செருகியிருப்பார். கந்தூரா என்பது அவர்கள் போடுகிற நீள வெள்ளை அங்கி. வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. அவர் யாரையும் மிரட்டி நான் பார்த்ததில்லை. நாம் கைக்கடிகாரம் கட்டுகிற மாதிரி, பட்டாளத்தில் இருந்த பழக்கம் அவருக்கு.

ஆனால் எல்லா இடத்துக்கும் அதைக் கொண்டுபோகக் கூடாது. வெள்ளிக்கிழமை பள்ளிவாசல் வாசலில் வண்டியை நிறுத்தினால், இறங்குவதற்கு முன் இடுப்பிலிருந்து பையை எடுத்துக்கொண்டு, முன் கதவைத் திறந்து டேஷ்போர்டில் வைத்து மூடுவார். பேங்க் வந்தால் அப்படித்தான். கோர்ட்டு, முனிசிபாலிட்டி, ஆஸ்பத்திரி, கல்யாண வீடு, எங்கேயும் அப்படித்தான். "மூத்து, இங்கேயே இரு" என்பார். நான் இருப்பேன். ஏசியைப் போட்டுக்கொண்டு கந்த சஷ்டி கவசம் கேசட்டை மெதுவாக வைத்துக் கேட்டுக்கொண்டிருப்பேன். என் முழங்காலுக்கும் அந்தத் துப்பாக்கிக்கும் ஒரு முழம் இடைவெளி இருக்கும்.

ஆறு வருடம் இப்படிப் போனது. இந்த நாட்டில் எந்தெந்த இடத்துக்குத் துப்பாக்கி ஆகாது என்பது டேஷ்போர்டு திறக்கிறதை வைத்தே எனக்கு மனப்பாடம். எடுத்து வைத்த பிறகு அது யார் பொறுப்பு என்று நான் யோசித்ததே இல்லை.

3

யோசித்திருக்க வேண்டியவன் நான். அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும்.

மலையடிவாரத்தில் எங்கள் பெரியப்பாவுக்குக் கடலைக்காடு இருந்தது நம்மூரில் வயசானவர்களுக்குத் தெரியும். காட்டுப்பன்றி விரட்டுவதற்காக ஒற்றைக்குழல் துப்பாக்கிக்கு லைசென்ஸ் வாங்கி வைத்திருந்தார். தேர்தல் வந்தால் அதைப் பழைய வேட்டியில் சுற்றி, பஸ் ஏறிப்போய், போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு ரசீதோடு வருவார். கண்டக்டர் ஏற்ற மறுத்ததால் ஒரு முறை ஆறு கிலோமீட்டர் நடந்தே போனார்.

நான் எட்டாவது படிக்கும்போது அம்மன் திருவிழா. காட்டிலிருந்து நேராக வந்த பெரியப்பா தீபாராதனை மணியைக் கேட்டுவிட்டார். துப்பாக்கியோடு சந்நிதிக்குள் போகக் கூடாது. கூட்டத்துக்குள் கொண்டுபோகக் கூடாது என்று சட்டமும் இருக்கிறது. என் அப்பா வெளியே நின்றார். "தம்பி, இதைச் செத்தப் புடி, ஒரு கும்புடு போட்டுட்டு வந்துர்றேன்" என்று பெரியப்பா அவர் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனார். பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. பந்தோபஸ்துக்கு வந்த எஸ்.ஐ. அப்பாவைப் பார்த்தார்.

"லைசென்ஸ் யார் பேர்ல?"

"அண்ணன் பேர்ல, சார். சாமி கும்புடப் போயிருக்காரு."

"லைசென்ஸ் அண்ணன் பேர்ல, துப்பாக்கி உன் கையில. நட."

மறுநாள் மதியம்தான் விட்டார்கள். அடிக்கவில்லை, வையவில்லை. ஆனாலும் அப்பா அதற்குப் பிறகு வெகுநாள் கடைத்தெருப் பக்கம் போகவில்லை. பெரியப்பா மேல் அவருக்குக் கோபமும் இல்லை. "அண்ணன் குடுத்தாரு, எப்படி வாங்காம இருக்கறது" என்று மட்டும் ஒரு தடவை அம்மாவிடம் சொன்னது காதில் விழுந்தது.

இதெல்லாம் பார்த்தவன், ஆறு வருடமாக எப்படிச் சும்மா உட்கார்ந்திருந்தான் என்று கேட்பீர்கள். அது நம்ம நாட்டுச் சட்டம், இது அர்பாப்பின் நாடு, இங்கே அவர் வைத்ததுதான் சட்டம் என்று நினைத்துவிட்டேன். படிப்பில்லாத புத்தி.

4

போன வருடம் ரம்ஜான் முடிந்த கையோடு அர்பாப் ஒரு கவரைக் கொடுத்து டைப்பிங் சென்டருக்கு அனுப்பினார். இங்கே எந்த ஆபீசுக்கும் கையால் எழுதின மனு செல்லாது. அரபியில் டைப் அடித்துக் கொடுப்பதற்கென்றே சின்னச் சின்னக் கடைகள் இருக்கும். நான் வழக்கமாகப் போகிற கடையில் சிவநேசன் என்று ஒரு யாழ்ப்பாணத்துக்காரர். அரபி படிக்கத் தெரிந்த தமிழர். என்னைவிட வயதில் சின்னவர், "அண்ணை" என்று வாய்நிறையக் கூப்பிடுவார்.

கவரில் இருந்தது துப்பாக்கி லைசென்ஸ் புதுப்பிக்கிற ஃபாரம். சிவநேசன் அதைப் பார்த்து அடித்துக்கொண்டே வந்தவர், இரண்டாம் பக்கத்தில் நிறுத்தினார்.

"அண்ணை, உங்கட அர்பாப் ஆஸ்பத்திரிக்கு, பாங்குக்கு எல்லாம் போகேக்க இதை எங்க வைக்கிறவர்?"

"வண்டியில, டேஷ்போர்டுல."

"அப்ப நீங்கள்?"

"நான் வண்டியிலதான் இருப்பேன்."

அவர் நாற்காலியை என் பக்கம் திருப்பினார். "இதில என்ன எழுதியிருக்கு தெரியுமோ? பள்ளிவாசல், ஆஸ்பத்திரி, அரசாங்கக் கந்தோர், அதான் உங்கட பேச்சில ஆபீஸ், சனம் கூடுற இடம், அங்கயெல்லாம் கொண்டு போகக் கூடாது. சரி, அது அவருக்குத் தெரிஞ்சிருக்கு. அதுக்குக் கீழ பாருங்கோ. வாகனத்துக்க விட்டுட்டுப் போகக் கூடாது. வேற ஒருத்தரிட்டையும் குடுக்கக் கூடாது."

"அப்ப எங்கதான் வைக்கிறது?"

"வீட்டிலதான். அந்த இடங்களுக்குப் போற நாளில வீட்டில வச்சுப் பூட்டிப்போட்டுப் போகோணும். உங்கட ஆள் முதல் வரியை வாசிச்சிருக்கிறார், மற்றதை வாசிக்கேல்ல." குரலைத் தணித்துக்கொண்டார். "அண்ணை, பகிடி இல்லை. செக்கிங்கில பிடிபட்டா துவக்கு உங்கட கையிலதான் இருந்ததெண்டு எழுதுவாங்கள். உள்ளுக்கை போட்டுட்டு, பிறகு ஃபிளைட் ஏத்திவிடுவாங்கள். பெட்டை இந்த வருசம் பன்ரெண்டாம் வகுப்பெல்லே?"

துவக்கு என்று அவர் சொன்னது துப்பாக்கியை, பெட்டை என்று சொன்னது என் மகளை. அவளுக்குப் பரீட்சைக்கு ஐந்து மாதம் இருந்தது.

ஃபாரத்தை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். வண்டியில் ஏறப் பிடிக்காமல் கொஞ்ச நேரம் வெயிலிலேயே நின்றேன்.

5

வீட்டில் சொன்னேன். எங்கள் சாமி அலமாரி சமையலறையில், மசாலா டப்பாக்களுக்கு மேல் தட்டில் இருக்கிறது. அமுதா அதன் கதவைத் திறந்து முதலில் ஒரு கும்பிடு போட்டாள். அப்புறம்தான் பேசினாள்.

"அவருகிட்டச் சொல்லாதீங்க. எங்கிட்டயே சட்டம் பேசுறியான்னு நெனச்சிட்டா? விசா அவரு கையில. பாஸ்போர்ட்டும் அவரு ஆபீஸ் அலமாரியில."

"சொல்லலைன்னா?"

"ஆறு வருசம் காப்பாத்தின முருகன் இன்னும் ஆறு மாசம் காப்பாத்த மாட்டானா? புள்ளை பரீட்சை முடியட்டும்."

தர்ஷினி காதில் ஒயரை மாட்டிக்கொண்டு படித்துக்கொண்டிருந்தாள். கேட்கவில்லை என்றுதான் நினைத்தேன். ஒயரைக் கழற்றாமலே, "ஜஸ்ட் டெல் ஹிம், அப்பா. ஹி இஸ் நாட் எ மான்ஸ்டர்" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. மூன்று வயதில் இங்கே வந்த பிள்ளை. அவளுக்கு இங்கிலீஷில்தான் கோபம் வரும், இங்கிலீஷில்தான் கனவும் வரும். கிளாசில் எகிப்து, பாகிஸ்தான், பிலிப்பைன்ஸ் என்று எல்லா நாட்டுப் பிள்ளைகளோடும் சரிசமமாகச் சண்டை போடுகிறவள். கையெழுத்துப் போடுகிறவர் முன்னால் நாக்கு எப்படி ஒட்டிக்கொள்ளும் என்று அவளுக்கு எப்படி விளங்கவைப்பது? "உனக்குத் தெரியாதும்மா, நீ படி" என்றேன். அவள் சத்தத்தைக் கூட்டிக்கொண்டாள்.

அடுத்து வந்த நாட்களில் நான் சொல்லிவிடுவதென்று எத்தனை முறை கிளம்பினேன் என்று கணக்கில்லை. அரபியில் வாக்கியத்தை மனசுக்குள் கட்டிக்கொண்டே போவேன். அவர் பின் ஸீட்டில் ஏறி "யல்லா, மூத்து" என்று கிளம்பச் சொன்னதும் அத்தனையும் கரைந்துபோகும்.

6

ஆயுத பூஜை வந்தது. வண்டிக்குப் பொட்டு வைப்பதற்கு அர்பாப்பிடம் முதல் வருடமே அனுமதி வாங்கியிருந்தேன். "வை. வெள்ளிக்கிழமைக்கு முன்னால் துடைத்துவிடு" என்பார். அவ்வளவுதான்.

அன்று காலை அவர் அண்ணனுக்கு நெஞ்சுவலி என்று போன் வந்து அவசரமாக ஆஸ்பத்திரிக்குப் போனோம். வாசலிலேயே நிறுத்தச் சொன்னார். வழக்கம்போல் பையை எடுத்து டேஷ்போர்டில் வைத்தார். "ஐந்து நிமிடம். இங்கேயே இரு" என்று உள்ளே போய்விட்டார்.

நான் உட்கார்ந்திருந்தேன். என் சட்டைப் பையில் சந்தனச் செப்பு இருந்தது. சுற்றிப் பார்த்தால் ஸ்டியரிங்குக்குப் பொட்டு இருக்கிறது, ஸ்பானருக்குப் பொட்டு இருக்கிறது. தினமும் என்னோடு உட்கார்ந்து வருகிற ஒன்றுக்கு மட்டும் இல்லை. ஆயுத பூஜை அன்று ஒரு கருவியை விடுவது அதை அவமதிக்கிற மாதிரி என்றுதான் நமக்குப் பழக்கம். பெரியப்பா வீட்டில் கடப்பாரை, மண்வெட்டியோடு துப்பாக்கியையும் சாத்திவைத்துத்தான் படைப்பார்கள். மனசு கேட்கவில்லை. டேஷ்போர்டைத் திறந்தேன். பையைத் தூக்கவில்லை, பிரிக்கவில்லை. மேலே சந்தனத்தை வட்டமாக வைத்து நடுவில் குங்குமம் வைத்தேன். "என் குடும்பத்துக்கு உன்னால ஒரு கெடுதலும் வராம இருக்கணும்" என்று கும்பிட்டு மூடினேன்.

மூடிய கையை எடுப்பதற்குள் கண்ணாடியில் தட்டும் சத்தம். ஒரு போலீஸ்காரர், இளவயசு. நான் நின்றது ஆம்புலன்ஸ் வருகிற இடம்.

"லைசென்ஸ். மல்கியா."

லைசென்ஸைக் கொடுத்தேன். மல்கியா டேஷ்போர்டில் இருந்தது, அந்தப் பைக்கு அடியில்.

ஐயா, நான் பொய் சொன்னேன். நெற்றியில் விபூதி குங்குமத்தோடு, ஆயுத பூஜை அன்று, "மல்கியா அர்பாப்பிடம் இருக்கிறது" என்று சொன்னேன். அவரைக் கூப்பிடு என்றார். போன் போட்டேன். அர்பாப் வேகமாக வந்தார்.

"என்ன, மூத்து?"

"மல்கியா கேட்கிறார்."

"டேஷ்போர்டில்தானே இருக்கிறது?" என்று சொல்லிக்கொண்டே கதவைத் திறந்து கையை நீட்டினார். நீட்டின கை பாதியில் நின்றது. என்னைப் பார்த்தார். ஏன் நான் எடுத்துக் கொடுக்கவில்லை என்று அந்த நேரத்தில்தான் அவருக்கு உறைத்தது என்று நினைக்கிறேன்.

அவர் நிமிர்ந்து போலீஸ்காரரிடம் அமைதியாகச் சொன்னார். "உள்ளே என் ஆயுதம் இருக்கிறது. லைசென்ஸ் என் பேரில். ஆஸ்பத்திரிக்குள் ஆகாது என்று நான் வைத்தேன். இவனுக்கு ஒன்றும் தெரியாது."

போலீஸ்காரர் டேஷ்போர்டைத் திறந்தார். பழுப்புத் தோலின் மேல் சந்தனம் இன்னும் ஈரமாக இருந்தது. அதைப் பார்த்தார். ஸ்டியரிங்கைப் பார்த்தார். கியரை, கண்ணாடியைப் பார்த்தார். கடைசியாக என் நெற்றியைப் பார்த்தார்.

"உனக்குத் தெரியுமா, தெரியாதா?" என்று இந்தியில் கேட்டார்.

பையைத்தான் பார்த்தேன், உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாது என்று சொல்லியிருக்கலாம். வார்த்தை நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அர்பாப் சொன்னதும் பொய்யாகாது, நானும் தப்பிப்பேன். ஆனால் ஐந்து நிமிடத்துக்கு முன்னால்தான் சாமி கும்பிட்ட கை இது. ஒரு பொய் சொல்லியாகிவிட்டது, அதற்கே இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை.

"தெரியும், சார். நான்தான் பொட்டு வச்சேன்" என்றேன்.

7

ஸ்டேஷனில் எங்களை உட்காரவைத்துத்தான் பேசினார்கள். அதைச் சொல்லியாக வேண்டும். நடுவயதுக்கார அதிகாரி ஒருவர். என் இந்தியை அரபியாக்க ஒரு போலீஸ்காரரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"இந்தச் சிவப்பு என்ன?"

"எங்க ஊர்ல வருசத்துல ஒரு நாள், நமக்குச் சோறு போடுற கருவிக்கெல்லாம் மரியாதை செய்வோம், சார்."

"துப்பாக்கிக்குமா?"

"கத்தரிக்கோலுக்கு, தையல் மிஷினுக்கு, பஸ்ஸுக்கு. எல்லாத்துக்கும்."

பக்கத்து மேஜையில் யாரோ சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டார். பிறகு அர்பாப் பக்கம் திரும்பி, இவனுக்குத் தெரியாது என்று சொன்னீர்களே என்று கேட்டார்.

"பொய் சொன்னேன்" என்றார் அர்பாப். "இவன் மேல் வந்துவிடக் கூடாது என்று சொன்னேன். நான் வைத்தேன், இங்கேயே இரு என்று நான் சொன்னேன், இவன் இருந்தான். இவன் எப்படி மாட்டேன் என்று சொல்லுவான்? எழுதுவதாக இருந்தால் என் பேரில் எழுதுங்கள்."

என் அப்பா ஞாபகம் வந்துவிட்டது. குனிந்து செருப்பைப் பார்த்துக்கொண்டேன்.

அதிகாரி பேனாவை மூடிவைத்துவிட்டு அர்பாப்பிடம் மரியாதையாகவே சொன்னார். "எங்கே கொண்டுபோகக் கூடாது என்று உங்களுக்குத் தெரிகிறது. அங்கே போகிற நாளில் வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். வண்டி வீடு இல்லை. டிரைவர் அலமாரி இல்லை."

துப்பாக்கியை எடுத்துக்கொண்டார்கள். விசாரணை முடிகிறவரை என் பாஸ்போர்ட்டையும் ஒப்படைக்கச் சொன்னார்கள். அர்பாப் ஆபீஸுக்கு ஆள் அனுப்பி எடுத்துவரச் செய்தார். நான் அதைக் கண்ணால் பார்த்தே நாலு வருடம் இருக்கும். மேஜை மேல் அந்தப் பக்கம் இருந்து இந்தப் பக்கம் போனதைப் பார்த்தேன்.

8

ஏழு வாரம். வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன், வண்டி ஓட்டினேன். ஆனால் எந்த நிமிடமும் போன் வரும், பெட்டி கட்டு என்பார்கள் என்று இருந்தது. அமுதா பழனிக்கு எனக்கும் சேர்த்து மொட்டை வேண்டிக்கொண்டாள். என்னைக் கேட்கவில்லை. வீட்டுச் சாமானை என்ன விலைக்கு விற்கலாம் என்று ஒரு நாள் பேச்சோடு பேச்சாகச் சொன்னேன். "மொதல்ல அந்த வாயை விக்கணும்" என்றாள்.

சிவநேசன் ஒரு சனிக்கிழமை பழம் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். டீ குடிக்கிறவரை பொறுத்திருந்துவிட்டுக் கேட்டார்.

"உண்மையைச் சொன்னது சரி. ஆனா அதுக்கு ஏன் அண்ணை பொட்டு வச்சனீங்கள்?"

"நம்மகிட்ட இருக்கிற எல்லாத்துக்கும் வைக்கிறோம்ல, தம்பி."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "எங்கட ஊரில துவக்கைக் கண்டா ஓடுவம். நீங்கள் அதுக்குச் சந்தனம் பூசுறியள்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார், ஆனால் சிரிப்பு முகத்தில் நிற்கவில்லை. ஊரில் சண்டை நடந்துகொண்டிருந்தது, அவர் அம்மாவும் தங்கையும் அந்த நேரத்தில் எங்கே இருக்கிறார்கள் என்று அவருக்கே தகவல் இல்லை. நாங்களும் கேட்கவில்லை. அமுதா அவருக்கு ஒரு தோசை போட்டுக்கொண்டு வந்து வைத்தாள்.

எட்டாவது வாரம் ஸ்டேஷனிலிருந்து கூப்பிட்டார்கள். ஒரு தாளில் கையெழுத்து, ஒரு எச்சரிக்கை, "கலாஸ், முடிந்தது, போகலாம்." பாஸ்போர்ட்டை என் கையில்தான் கொடுத்தார்கள். அதை அர்பாப்பிடம் நீட்டினேன். "உன்னிடமே இருக்கட்டும்" என்றார். துப்பாக்கி இன்னும் கொஞ்ச நாள் கழித்துத் திரும்பி வந்தது. இப்போது அவர் வீட்டு இரும்புப் பெட்டியில் இருக்கிறது. மலைப்பக்கம் அவருக்கு ஒரு தோட்டம் இருக்கிறது, அங்கே போகும்போது மட்டும் இடுப்பில் இருக்கும். தோட்டத்திலிருந்து நேராகப் பள்ளிவாசலுக்குப் போகிற வழக்கத்தை விட்டுவிட்டார். முதலில் வீடு, பெட்டியில் வைத்துப் பூட்டல், அப்புறம்தான் மற்றது.

பாஸ்போர்ட் வந்த அன்று திரும்புகிற வழியில் முன் ஸீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். கொஞ்ச தூரம் போனதும் கேட்டார்.

"ஃபாரம் டைப் அடித்த அன்றே உனக்குத் தெரியும். அப்படித்தானே?"

"ஆமா."

"ஏன் சொல்லவில்லை?"

"நீங்க அர்பாப்."

"அதனால்?"

நான் கியரை மாற்றி ரோட்டைப் பார்த்தேன். அவர் வெளியே மலையைப் பார்த்துக்கொண்டு வந்தார். ரவுண்டானா தாண்டியதும் மறுபடி, "இந்த மாதிரி வேறு என்ன சொல்லாமல் வைத்திருக்கிறாய்?" என்றார்.

ஒன்றுமில்லை என்றுதான் சொல்லப்போனேன். என்ன தைரியமோ, வந்துவிட்டது.

"வெள்ளிக்கிழமை தொழுகை முடிஞ்சு நீங்க உங்க அண்ணன் வீட்டுல சாப்பிட்டு வர்றவரைக்கும் நான் வண்டியில இருக்கேன். மதியச் சாப்பாடு சாயங்காலம் ஆகிடுது."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஆறு வருடமாகவா?"

"ஏழு ஆகப்போகுது."

ரொம்ப நாளைக்கு அப்புறம் அவர் சத்தம் போட்டுச் சிரித்தார். "வெள்ளிக்கிழமை என்னைப் பள்ளிவாசலில் இறக்கிவிட்டு நீ வீட்டுக்குப் போ. அண்ணன் மகன் என்னைக் கொண்டுவந்து விடுவான்" என்றார்.

9

இப்படித்தான் எனக்கு வெள்ளிக்கிழமை மதியம் கிடைத்தது. இங்கே வந்ததிலிருந்து லீவு நாளில் வீட்டில் மூவரும் சேர்ந்து மதியச் சாப்பாடு சாப்பிட்டதை விரல்விட்டு எண்ணிவிடலாம். முதல் வெள்ளிக்கிழமை அமுதா சாம்பார், ரசம், இரண்டு பொரியல், பாயசம் என்று கல்யாண வீடு மாதிரி பண்ணியிருந்தாள். ஹாலில் பேப்பர் விரித்து உட்கார்ந்தோம். தர்ஷினி காதில் ஒயர் இல்லாமல் வந்து உட்கார்ந்தாள். அமுதா எழுந்து எழுந்து பரிமாறிக்கொண்டிருந்தாள்.

சாம்பார் முடிந்தபோது அவள், "அப்பா, கோபப்படாமக் கேப்பீங்களா?" என்றாள்.

"சொல்லு."

"எனக்குத் திருச்சி காலேஜ் வேண்டாம்பா. ஹாஸ்டல் வேண்டாம்."

அமுதா கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள். திருச்சி காலேஜ் என்பது நான் எப்போதோ முடிவு செய்துவிட்டது. ஊருக்குப் போன் போட்டு என் தம்பியிடம்கூடச் சொல்லியாகிவிட்டது. நம்ம ஊர்ப் பக்கமே இருந்தால் நம்ம பழக்கவழக்கம் வந்துவிடும் என்று நான் போட்டிருந்த கணக்கு அது.

"எப்பலேர்ந்து இந்த நெனப்பு?"

"டென்த்லேர்ந்து."

"ரெண்டு வருசமா? ஏன் சொல்லல?"

அவள் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பருப்பை ஒரு ஓரமாக ஒதுக்கினாள், மறுபடி நடுவில் தள்ளினாள். அர்பாப் கேட்டபோது என் முகமும் இப்படித்தான் இருந்திருக்க வேண்டும்.

எனக்குக் கோபம் வரவில்லை என்று எழுதினால் அது பொய். நன்றாகவே வந்தது. எழுந்துபோய்க் கை கழுவிவிடலாமா என்றுகூட இருந்தது. சமையலறைப் பக்கம் பார்த்தேன், சாமி அலமாரிக் கதவு திறந்திருந்தது. உட்கார்ந்தே இருந்தேன். அமுதாவிடம் ரசம் ஊற்றச் சொன்னேன்.

"முழுசாச் சொல்லு. கேக்கறேன்" என்றேன்.

சொல்ல ஆரம்பித்தாள். பாதிக்கு மேல் இங்கிலீஷில் சொன்னாள். புரியாத இடத்தில் கையைக் காட்டி நிறுத்தினேன். அந்த இடத்தை மட்டும் தமிழில் சொல்லிவிட்டு மேலே போனாள்.